ஒரு மாணவனின் கட்டுரையும் ஒரு பிரேரணையின் கதியும்

சட்டமாகாத ஒரு பிரேரணையைப் பற்றிக் கட்டுரை எழுதுதல் மாணவருக்கு எளிதன்று. சட்டமாகிவிட்டதை அதன் விளைவுகளைக் கொண்டு மதிப்பிடலாம். பிரேரணையை மதிப்பிடுவதற்கோ அதன் வாசகமும், அது கடக்கவேண்டிய படிகளும், இருதிறத்தார் வாதங்களுமே துணை. இம்முறையிற் கட்டுரை எழுதிய ஒரு மாணவரின் வரலாற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். கட்டுரைத் தாள்களிற் சிவப்பு மையாற் கோடிட்டே காலங் கழிக்கும் ஆசிரியனாகிய எனக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் சர்வகலாசாலையிலே கிரகரி வாட்சன் என்னும் மாணவர் அரசியற் பாடத்துக்காகக் கட்டுரை எழுத முற்பட்டார். ஆண் பெண் சம உரிமைத் திருத்தமே அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள். அதற்காக நூல்களைத் துருவியபோது வேறொரு பிரேரணை அவர் கண்ணிற்பட்டது. 1789இல் ஜேம்ஸ் மடிசன் முன்வைத்து, சமஷ்டிக் காங்கிரஸ் மாநிலங்களின் இசைவுக்கு அனுப்பிய பிரேரணைகளுள் அது ஒன்று. காங்கிரஸ் உறுப்பினர் தம் சம்பளத்தை மாற்றிச் சட்டம் இயற்றினால், இடையிலே பிரதிநிதிகள் சபைத் தேர்தல் ஒன்று நடைபெறும்வரை அம்மாற்றம் நடைமுறைக்கு வரலாகாது என்பதே அதன் சாரம். போதிய மாநிலங்கள் இசையாமையால் அது தேங்கிக் கிடந்தது.

அப்பிரேரணையின் வாசகத்தில் காலவரையறை எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 5ஆம் பிரிவும் அத்தகைய வரையறையை விதிக்கவில்லை. நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் இசைவையே அது வேண்டிநிற்கிறது. ஆகவே, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தும் பிரேரணை உயிரோடிருக்கிறது என்று வாட்சன் வாதித்தார். ஒரு பிரேரணை காலங்கடந்ததா என்பதைத் தீர்மானிப்பது காங்கிரஸின் பொறுப்பென அமெரிக்க உயர் நீதிமன்றம் 1939இல், கோல்மன் எதிர் மில்லர் வழக்கிலே கூறியிருந்தமை இவ்வாதத்துக்கு அரணாகும்.

கட்டுரைக்குக் கிடைத்ததோ ‘சி’ என்னும் நடுத்தரப் புள்ளி. முறையிட்டும் பயனில்லை. வாட்சன் மாநிலச் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். 1983இல் மெயின் மாநிலம் இசைந்தது; 1984இல் கொலராடோ இசைந்தது; பிற மாநிலங்களும் தொடர்ந்தன. 1992 மே மாதத்தில், 202 ஆண்டுகளின் பின், அப்பிரேரணை அரசியலமைப்பின் 27ஆம் திருத்தமாயிற்று. 2017இல் சர்வகலாசாலையும் அவருடைய புள்ளியை ‘ஏ’ என மாற்றியது.

இவ்வரலாற்றை விடாமுயற்சிக்கு உதாரணமாகக் கூறி அமைவோர் பலர். என் கருத்து வேறு. ஒரு மாநிலமேனும் பின்னர் இசையாது விட்டிருப்பினும், அவ்வாதம் 1982இலும் வலிமையுடையதே. பிரேரணை வெல்லுமா என்பது வேறு வினா. அது இன்னும் நிலுவையில் உள்ளதா என்பது வேறு வினா. முன்னதற்கு ஊகமே விடை. பின்னதற்கு வாசகமே சான்று. இவ்விரண்டையும் மயங்கவிடாமையே நல்ல கட்டுரையின் முதல் இலக்கணம்.

வாட்சன் கைவிட்ட அந்த முதற்பொருளையே இன்றைய மாணவர் ஒருவர் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். சம உரிமைத் திருத்தத்தைக் காங்கிரஸ் 1972இல் 7 ஆண்டு வரையறையோடு மாநிலங்களுக்கு அனுப்பியது. வரையறை 1982 ஜூன் 30 வரை நீடிக்கப்பட்டும் 35 மாநிலங்களே இசைந்திருந்தன. அவற்றுட் சில தம் இசைவை மீளப்பெறவும் தீர்மானித்தன. பின்னர் 2017இல் நெவாடாவும், 2018இல் இலினோயும், 2020இல் வேர்ஜினியாவும் இசைந்தமையால் தேவையான 38 என்னும் எண் எட்டப்பட்டதென ஆதரவாளர் கூறினர். நீதிமன்றத் தீர்ப்புகளையும் முந்திய சட்ட முடிவுகளையும் காட்டி, அதனை உறுதிப்படுத்தவியலாதெனத் தேசிய ஆவணக் காப்பாளர் 2024 டிசம்பரில் அறிவித்தார். 2025 ஜனவரியில், பதவி நீங்குமுன், ஜனாதிபதி பைடன் அது 28ஆம் திருத்தமே எனத் தம் கருத்தை வெளியிட்டார். ஆயினும் அக்கருத்தால் அது அரசியலமைப்பில் இடம்பெற்றுவிடவில்லை.

“38 மாநிலங்கள் இசைந்தன, ஆதலால் இது சட்டம்” என ஒரு மாணவர் எழுதலாம். “காலம் கடந்தது, ஆதலால் இது செத்தது” என மற்றொருவர் எழுதலாம். இரண்டும் அரைக் கட்டுரைகளே. நல்ல கட்டுரை மூலவாசகத்தைத் திறந்து பார்க்கும். இங்கு காலவரையறை திருத்தத்தின் வாசகத்தில் இல்லை. அதற்கு முன்னுரையாக அமைந்த தீர்மானத்திலேயே உண்டு. அத்தகைய வரையறை மாநிலங்களைக் கட்டுப்படுத்துமா? காங்கிரஸ் அதனை நீடிக்கவோ நீக்கவோ வல்லதா? அளித்த இசைவை ஒரு மாநிலம் மீளப்பெறலாமா? இவ்வினாக்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிர்த்தரப்பின் வலிய சான்றையும் காட்டி, அதன்பின்னரே தன் முடிபைக் கூறும். 1789இன் பிரேரணையைக் காத்தது அதன் மௌனம். அந்த மௌனம் இங்கு முழுமையாக இல்லை என்பதையும் மறைக்காது.

ஆசிரிய அன்பர்களே, மாணவரின் முடிபு நமக்கு விந்தையாகத் தோன்றலாம். புள்ளி இடுமுன் அம்முடிபைத் தாங்கும் சான்றுகளை ஒருமுறை தேடிப் படிப்போம். அங்ஙனம் படியாது நானும் எத்தனை தாள்களைத் திருப்பிக் கொடுத்திருப்பேனோ என்னும் எண்ணம், இவ்வரலாற்றை அறிந்த நாள்தொட்டு என்னை விட்டு நீங்கவில்லை.