சான்றிதழ் வேறு, முறை வேறு

"தர முகாமைத்துவ முறையெல்லாம் கொழும்புப் பெரிய கம்பனிகளுக்கு; வன்னியின் சிறிய அரிசி ஆலைக்கு அது வீண் கடதாசிச் செலவு" என்கிறார்கள். பாதி சரி. சுவரில் தொங்கவிடச் சான்றிதழ் வாங்குவது வீண் செலவுதான். ஆனால் சான்றிதழும் முறையும் ஒன்றல்ல.

தர முகாமைத்துவ முறைக்கான சர்வதேசத் தரநியமமான ஐ.எஸ்.ஓ. 9001 எந்த அளவு நிறுவனத்துக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டது. தரக் கையேடு கட்டாயம் என்ற நிபந்தனையை அதன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு எடுத்துவிட்டது. முறையைப் பின்பற்றுகிறவர் சான்றிதழ் பெற்றே ஆகவேண்டும் என்றும் இல்லை. பிறகு எந்தக் கடதாசிக் கட்டைக் கண்டு பயம்?

இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல் பரந்தனில் ஓர் ஆலைக்கு வருகிறது என்று வையுங்கள். ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டினால் களஞ்சியத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நெல்லைக் கடித்துப் பார்த்தே சொல்லிவிடும் ஆள் இருக்கிறார், சரி. அவர் காய்ச்சலில் படுத்த அன்று? ஈரப்பதனை மானியால் அளந்து, யாருடைய நெல், எத்தனை மணி நேரம் ஊறியது, எந்த மூட்டையில் போனது என்று கொப்பியில் எழுதிவைத்தால், கடைக்காரர் "அரிசி மணக்குது" என்று திருப்பி அனுப்பும்போது பிழையைத் தேடிப் பிடிக்கலாம். எழுதாவிட்டால் தொழிலாளியை ஏசத்தான் முடியும்.

"எங்கட ஆக்களுக்கு இது சரிவராது" என்பவர்கள் கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளைப் பார்க்கட்டும். எங்கள் பிள்ளைகள்தான் அங்கே தைத்து, அளந்து, சோதித்து ஏற்றுமதிக்கு அனுப்புகிறார்கள்.

முதலாளிமாரே, ஆலோசகரைத் தேடுமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். கடைசியாகத் திரும்பி வந்த மூட்டையின் கதையை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.