உளவளத்துணையாளர் யாருக்கு, எப்படி உதவுகிறார்?

"கதைத்தால் போன பிள்ளை திரும்பி வருமா?" உளவளத்துணையாளரிடம் ஒருமுறை போய் வாருங்கள் என்று சொன்னதும் எமது சகோதரிகள் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். கதைத்தால் பிள்ளை வராது, இடிந்த வீடும் எழும்பாது. அப்படியானால் அந்த உத்தியோகத்தர் எதற்கு? இம்மாதம் இதனைப் பதுளை மாவட்டத் தோட்டங்களை வைத்துப் பார்ப்போம்.

யுத்தம் நடந்தது வடக்கு கிழக்கில், பதுளை எங்கே இதற்குள் வந்தது என்று சிலர் நினைக்கலாம். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பயந்து மலையகத் தோட்டங்களை விட்டு ஏராளமான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரிலேயே தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. அன்று உயிர் தப்பினால் போதுமென்று வன்னிக்குப் போனவர்களில் பலர் 2009இல் இறுதி யுத்தத்துக்குள்ளும் அகப்பட்டார்கள். எல்லாவற்றையும் இழந்து, பசறையிலோ ஹாலி-எலயிலோ இருக்கும் உறவினரின் லயத்துக்கே திரும்பி வந்தவர்களும் உண்டு. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. யுத்தத்தின் துயரம் இந்த மலைகளுக்கும் வந்து சேர்ந்தது.

உளவளத்துணைத் துறையில், உதவி தேடி வருபவரை நோயாளி என்று சொல்வதில்லை. துணைநாடி என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1940களில் நோயாளி என்ற சொல்லைத் தள்ளிவைத்தபோது, வருபவருக்குத் தன் வாழ்க்கையைப் பற்றி மற்ற எவரையும் விட நன்றாகத் தெரியும் என்ற எண்ணமே அதற்குக் காரணமாக இருந்தது. எனக்கு 'ஆலோசனை' என்ற சொல்லை விடத் 'துணை' என்ற சொல்லே பிடிக்கிறது. ஆலோசனை சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. மாமியார் சொல்வார், பூசாரி சொல்வார், தலைவரும் சொல்வார். துணையாக இருந்து கேட்பவர்தான் குறைவு.

ஆனால் எல்லாருக்கும் ஒரே விதமான துணை பொருந்தாது. கணவர் காணாமற்போன ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். "அவர் இறந்துவிட்டார், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல உளவளத்துணையாளருக்கு உரிமையில்லை. "கட்டாயம் வருவார்" என்று சொல்லவும் உரிமையில்லை. வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு பழகிய போலின் பொஸ் என்ற அறிஞர் இதனைத் தெளிவற்ற இழப்பு என்றார். உடல் இல்லை, சடங்கு இல்லை, முடிவும் இல்லை. பொட்டு வைப்பதா விடுவதா, கலியாண வீட்டில் எங்கே நிற்பது, பிள்ளையின் பாடசாலைப் படிவத்தில் தகப்பனைப் பற்றி என்ன எழுதுவது என்று ஒவ்வொரு நாளும் அவளை ஒரு கேள்வி உரசும். அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக அவளோடு எடுத்துப் பார்ப்பதே இங்கு துணையாளரின் வேலை. இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே, காணாமற்போனார் என்பதற்குச் சான்றிதழ் பெறும் வழி 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் வந்தது. காணி, வங்கி அலுவல்களுக்கு அது உதவும். இப்படிப்பட்ட விடயங்களைத் தெரிந்து வைத்திருப்பதும் நல்ல துணையாளரின் இலட்சணம்.

அடி வாங்கும் பெண்ணின் விடயம் முற்றிலும் வேறு. இதில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கணவனையும் மனைவியையும் ஒன்றாக இருத்தி, "இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்று கூறிச் சேர்த்து அனுப்புவதையே உளவளத்துணை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடிப்பவனுக்கு முன்னால் அவள் எதைச் சொல்வாள்? சொன்னால் வீட்டுக்குப் போன பிறகு அதற்கும் சேர்த்து வாங்குவாள். தோட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. லயத்து வீடு தோட்டத்தினுடையது. அதில் குடியிருப்பது தோட்ட வேலையோடு பிணைந்தது. வெளியே வந்துவிடு என்று சொல்வது எளிது, எங்கே போவது என்பதற்குப் பதில் வேண்டும். ஆகவே துணையாளர் முதலில் அவளைத் தனியே சந்திக்க வேண்டும். இரவில் ஓடினால் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம், அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் யாரிடம் கொடுத்து வைக்கலாம் என்று அவளோடு திட்டமிட வேண்டும். 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. காயத்துக்கு மருந்து கட்டப் போகிறவள் அங்கேயும் போகலாம். சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்ற முடிவு அவளுடையது.

மண்சரிவில் குடும்பத்தை இழந்த பிள்ளை இன்னொரு விதம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டு, பின்பு மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் இருந்த அந்தச் சனத்திடம் ஒருவர் மாறி ஒருவர் வந்து நடந்ததைக் கேட்டார்கள். சுனாமியின் பிறகும் இப்படித்தான் நடந்தது. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் மனப்பாரம் குறையும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். சம்பவம் நடந்த கையோடு வற்புறுத்திச் சொல்லவைப்பதால் பயனில்லை, சிலருக்குக் கெடுதியும் உண்டு என்பதே இன்று வைத்தியத்துறையின் கருத்து. சாப்பாடு, உறங்க இடம், தெரிந்த முகம், உறவினரைப் பற்றிய உண்மையான தகவல், பிள்ளைக்கு மறுபடியும் பள்ளிக்கூடம். இவையே முதலில் வேண்டும். பிள்ளை படம் கீறட்டும், விளையாடட்டும், கதைக்க நினைக்கும் அன்று கதைக்கட்டும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தபோதும் பிள்ளைகளின் தேவை இதுவாகவே இருந்தது.

குடிக்கும் கணவர் துணையாளரிடம் வருவது அரிது. மனைவிதான் வருவாள். அவர் வராவிட்டாலும் அவள் வந்தது வீணில்லை. சம்பளக் காசை எப்படிக் காப்பது, அவர் குடித்துவிட்டு வரும் நேரத்தில் பிள்ளைகளை எங்கே வைப்பது என்று அவளோடு கதைக்க நிறைய இருக்கிறது.

யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்பவர், நாட்கணக்காக உறங்காதவர், சாக வேண்டும் என்று சொல்பவர் ஆகியோரைத் துணையாளர் தன்னோடு மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. பதுளை பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், முடிந்தால் கூடவே போக வேண்டும். மருந்து கொடுப்பது வைத்தியரின் வேலை. மருந்து எடுப்பவருக்கும் துணையாளர் தொடர்ந்து தேவைப்படுவார். "என்னைக் கைகழுவிவிட்டார்" என்று அவர் நினைக்காதபடி இதை முதலிலேயே விளக்கிச் சொல்வது நல்லது.

எமது பெண்கள் மனதில் இருப்பதை மனது என்று சொல்வதும் குறைவு. நெஞ்சு அடைக்குது, தலை கனக்குது, பெருமூச்சு வருது என்பார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போவாள். ஆகவே இங்கு தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது, தோட்டத்துத் தமிழும் தெரிய வேண்டும். தமிழே தெரியாத உத்தியோகத்தராக இருந்தால் மொழிபெயர்க்க ஓர் ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த ஆள் அதே தோட்டத்தவராகவோ, சில நேரம் அவளுடைய சொந்த மகனாகவோ இருப்பார். மகனை வைத்துக்கொண்டு ஒரு தாய் எதைச் சொல்ல முடியும்? பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதைவிட, தமிழ் பேசும் ஒருவர் வரும் நாளுக்குத் தவணை கேட்பது மேல்.

இடமும் அப்படித்தான். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினாலும் இங்கே கேட்கும். இஸ்தோப்பில் இருந்து இரகசியம் கதைக்க முடியாது. துணையாளர் வாகனத்தில் வந்து இறங்கினால், பைத்தியத்துக்குப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று மாலைக்குள் கதை கட்டிவிடுவார்கள். பிள்ளைகள் போன பின் பிள்ளை மடுவத்தில் சந்திக்கலாம், கோயில் மண்டபத்தின் ஒரு மூலையில் சந்திக்கலாம். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளை டவுனுக்கு வந்து போக ஒரு நாள் பேர் போய்விடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று ஓர் உத்தியோகத்தர் சொன்னால், அவருக்கு எமது வாழ்க்கை விளங்குகிறது என்று அர்த்தம்.

நீங்கள் சொன்னது வெளியே போகுமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. உயிருக்கு ஆபத்து, சிறுபிள்ளைக்கு நடக்கும் கொடுமை போன்றவற்றைத் தவிர வேறெதையும் அவர் வெளியே சொல்லக் கூடாது. சொன்னதாக அறிந்தால் வேறு துணையாளரைக் கேட்கலாம்.

உளவளத்துணை உத்தியோகத்தரைப் பற்றி உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். போக முடியாதவர்கள் தொலைபேசியில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். பெண்களுக்கு எதிரான கொடுமைகளுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. எடுத்தவுடனே, "தமிழில் கதைக்க ஒருவரைத் தாருங்கள்" என்று சொல்லுங்கள். அயலவர் ஒருவரின் தொலைபேசியில் எடுப்பதானால், கதைத்து முடிந்ததும் அந்த இலக்கத்தை அதிலிருந்து அழித்துவிட்டுக் கொடுங்கள்.