பதமும் பங்கும்

பழைய வீட்டு வாழ்க்கையையும் அதன் தின்பண்டங்களையும் நினைந்து எழுதப்படும் கட்டுரைகள் தமிழ் இதழ்களில் இன்று ஒரு தனி வகையாகவே திரண்டுவிட்டன. கமர்கட், தேன்மிட்டாய், சவ்வுமிட்டாய், கல்கோனா, இலந்தைவடை, குச்சி ஐஸ் என்று பெயர்கள் வருகைப்பதிவேடு போல வாசிக்கப்பட, ஒவ்வொன்றுக்கும் வாசகர் மனத்துக்குள்ளே 'உள்ளேன் ஐயா' சொல்லிக்கொள்ள, கட்டுரை முடிந்துவிடுகிறது. இவற்றில் பெரும்பாலானவை தின்றவர்கள் எழுதியவை. கிண்டியவர்கள், இடித்தவர்கள், சுட்டு அடுக்கியவர்கள் எழுதியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. வீட்டுப் பலகாரத்தை உண்டாக்கிய இரண்டு காரியங்கள், அதாவது பொருளின் பக்குவத்தை அறியும் பதமும், கிடைத்ததை இன்னார்க்கு இவ்வளவு என்று பிரிக்கும் பங்கும், இந்த நினைவு இலக்கியத்தில் ஏறக்குறைய இல்லாமலே போனதற்கு இதுவே காரணம்.

'பலகாரம்' என்ற சொல் பழ உணவைக் குறிக்கும் 'பலாகாரம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. நோன்பு நாளில் சோற்றைத் தவிர்த்துக் கொள்ளும் எளிய உணவுக்கு அது முதலில் பெயராக இருந்தது. அந்தப் பொருளில்தான் இன்றும் சில வீடுகளில் ஒருவேளை தோசையோ உப்புமாவோ மட்டும் உண்பதைப் 'பலகாரம் செய்தல்' என்கிறார்கள். பட்டினிக்குத் துணையாக வந்த சொல் பண்டிகை நாளின் நெய்யிலும் எண்ணெயிலும் பொரிவனவற்றுக்குப் பெயராகிவிட்டது என்றாலும், பற்றாக்குறையோடு அதற்கிருந்த பழைய உறவு அறுந்துவிடவில்லை. 1960களிலும் 70களிலும் ஒரு நடுத்தர வீட்டின் தீபாவளிப் பலகாரம் என்பது, சர்க்கரையும் எண்ணெயும் மண்ணெண்ணெயும் எப்போது, எங்கே, எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கின் மேல் நின்ற காரியமாகவே இருந்தது.

அந்தக் கணக்கின் நடுவில் இருந்தது பங்கீட்டுக் கடை. 'ரேஷன்' என்பதற்குப் 'பங்கீடு' என்று தமிழாக்கியவர் யாராயினும், சொல்லைக் கச்சிதமாகவே பிடித்திருக்கிறார். அரிசிப் பஞ்சம் முற்றியிருந்த 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதே மேடைப் பேச்சாக இருந்தது என்பதை நினைத்தால், பங்கு என்ற சொல் அடுக்களையில் மட்டும் புழங்கியதல்ல என்பது விளங்கும். சர்க்கரையைப் பொறுத்தவரை, ஆலைகளின் உற்பத்தியில் ஒரு பகுதியை 'லெவி' என்ற பெயரில் அரசு குறைந்த விலைக்கு எடுத்துக் குடும்ப அட்டைகளுக்கு வழங்கவும், எஞ்சியதை ஆலைகள் வெளிச்சந்தையில் விற்கவுமான இரட்டை முறை 1967இல் வந்தது. 1978 ஆகஸ்டில் கட்டுப்பாடு முழுவதுமாக நீக்கப்பட்டபோது விலை சரிந்தது. சரிந்த விலை கட்டாமல் உழவர்கள் கரும்பைக் குறைக்க, உற்பத்தி விழுந்து விலை மறுபடி ஏற, 1979 டிசம்பரில் கட்டுப்பாடு திரும்பிவந்தது. டெல்லியில் நடந்த இந்த ஏற்ற இறக்கத்தைத் தமிழ்நாட்டு அடுக்களை அறிந்துகொண்டது அரசாணைகளின் வழியாக அல்ல. அந்த ஆண்டு மைசூர்பாகா, அல்லது வெல்லம் போட்ட பொருள்விளங்கா உருண்டையா என்ற முடிவின் வழியாகவே அறிந்துகொண்டது. பயறு முதலிய தானியங்களை வறுத்து அரைத்து, பாகு விட்டுப் பிடிக்கும் அந்த உருண்டை பல்லுக்குச் சவாலானது என்பதால் சீக்கிரம் தீராது. தீராமல் இருப்பதே அக்காலத்தில் ஒரு பலகாரத்தின் பெருங்குணம்.

செய்து முடித்ததும் பங்கு தொடங்கும். முறுக்கும் சீடையும் பெரிய தகர டின்களில் அடுக்கப்பட்டுப் பரணுக்கு ஏறிவிடும். சமையற்கட்டின் கூரைக்கும் சுவரின் மேற்பகுதிக்கும் இடையே பலகையோ காரைத் தளமோ போட்ட சேமிப்புத் தட்டான பரண், ஏணியோ முக்காலியோ இன்றி எட்டாத உயரத்தில் அமைந்தது தற்செயல் அல்ல. டின்னின் மூடியைத் திறக்கும் உரிமை பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்ணிடம் இருந்தது. வேலைக்குப் போகும் ஆண்களுக்கு இத்தனை, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இத்தனை, வரக்கூடிய விருந்தாளிக்கென்று எடுத்துவைப்பது இத்தனை என்று அவர் மனத்தில் ஓடிய கணக்கு எந்த ஏட்டிலும் ஏறியதில்லை. ஆண்பிள்ளைக்கு முழு முறுக்கும் பெண்பிள்ளைக்கு உடைந்த முறுக்கும் போன வீடுகள் உண்டு. மருமகள் தன் பங்கைக் கேட்டு வாங்கும் வழக்கமே இல்லாத வீடுகள் அதைவிட அதிகம். டின்னின் அடியில் எஞ்சும் தூளே செய்தவளுக்கு வந்தது என்பதை, இனிமை ததும்ப எழுதப்படும் கட்டுரைகள் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை.

இனிப் பதம். அதிரசத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, துணியில் நிழலுலர்த்தலாகப் பரப்பி, முழுக்கக் காய்வதற்குள், கையால் அள்ளினால் சில அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும் ஈரத்தில் எடுத்து உரலில் இடிக்க வேண்டும். சலித்த மாவைப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். உதிர்ந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். வெல்லத்தைக் கரைத்து மண் வடிகட்டி அடுப்பில் ஏற்றியபின், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். அதில் விட்ட ஒரு சொட்டுப் பாகு கரைந்து ஓடினால் அது இளம்பாகு; கரையாமல் அடியில் தங்கி, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வந்தால் அதிரசத்துக்கான பதம்; உருட்டியதைத் தட்டில் போட்டால் 'ணங்'கென்று ஒலித்தால் அது கமர்கட்டுக்கு ஆகுமே தவிர அதிரசத்துக்கு ஆகாது. இந்த மூன்று நிலைகளுக்கும் இடைப்பட்ட நேரம் சில நிமிடங்கள்தான். பாகில் எஞ்சியிருக்கும் நீரின் அளவே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது: நீர் மிகுந்தால் தட்டிப்போட்ட அதிரசம் எண்ணெயில் பிரிந்து கரைந்துவிடும், குறைந்தால் ஓடு போல விறைத்துவிடும். மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறி, நெய் தடவிய பானையில் ஓரிரு நாள் புளிக்காமல் ஊறவிட்டு, வாழையிலையில் தட்டி, இளந்தீயில் சுட்டு, இரண்டு சட்டுவங்களுக்கு இடையே வைத்து எண்ணெயை அழுத்தி எடுக்கும் வரை இதில் கைவிட முடியாது.

வெல்லம் ஊருக்கு ஊர், ஆலைக்கு ஆலை மாறுவதால், இத்தனை பங்கு அரிசிக்கு இத்தனை பங்கு வெல்லம் என்ற கணக்கு தொடக்கத்துக்கு மட்டுமே உதவும். மற்றது கண்ணும் விரலும் காதும் சேர்ந்து அறிவது. படையலுக்கு முன் எதையும் வாயில் வைக்கலாகாது என்ற கட்டுப்பாடு இருந்த வீடுகளில் நாக்கின் துணையும் கிடையாது. உப்பையும் காரத்தையும் வாசனையைக் கொண்டே மதிப்பிட்டார்கள். சோதனை செய்து, விளைவைப் பார்த்து, அடுத்த முறைக்குத் திருத்திக்கொள்ளும் இந்த அறிவை, ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தால் அறிவியல் என்றும், அடுக்களையில் நிகழ்ந்தால் 'கைப்பக்குவம்' என்றும், கொஞ்சம் உருகினால் 'கைமணம்' என்றும் சொல்லிவிடுவது வசதியான பழக்கமாக இருந்துவருகிறது.

இதே அதிரசம் கல்வெட்டில் ஏறியிருக்கிறது என்பதை இங்கே நினைவுகூரலாம். 15, 16ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த திருமலைக் கோயில் கல்வெட்டுகளில், பெரும்பாலும் தமிழிலேயே, அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி என்று படையல்கள் பெயர் சொல்லப்படுகின்றன. 'படி' என்பது இங்கே படைக்கப்படும் ஒரு முழு அளவைக் குறிக்கும். அதற்கு வேண்டிய அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதோடு, படைத்தபின் அது எப்படிப் பிரிக்கப்பட வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. கட்டளையை ஏற்படுத்திய கொடையாளருக்குப் பொதுவாக நான்கில் ஒரு பங்கு, 'விட்டவன் விழுக்காடு' என்ற பெயரில் ஒதுக்கப்பட்டது. ஆக, அளவும் பங்கும் கல்லில் நிலைபெற்றுவிட்டன; பதம் மட்டும் மடைப்பள்ளியின் கைகளிலேயே தங்கிவிட்டது. வீட்டிலோ மூன்றுமே எழுதப்படவில்லை. கிண்டியவள் விழுக்காடு என்று ஒன்றை வெட்டிவைக்க எந்தச் சுவரும் முன்வரவில்லை.

எழுத முனைந்தவர்கள் இல்லாமல் இல்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தபோது, தாயிடமோ மாமியாரிடமோ பக்கத்தில் நின்று கற்க வாய்க்காத பெண்களுக்கு அது அந்த இடத்தில் நின்றது. என்றாலும் அது ஒரு சைவ அடுக்களையின் நூல். கரிசல் காட்டுக் கம்பு உருண்டைக்கும், கடலோர வீடுகளின் தொதலுக்கும், இஸ்லாமியத் தமிழர் வீட்டு வட்டிலப்பத்துக்கும் அத்தகைய ஏடு அன்று வாய்க்கவில்லை. வாய்மொழியாக நின்ற அளவுகளுக்கும் விரைவிலேயே ஆபத்து வந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று முகத்தலளவையில் நடந்த வீட்டுக் கணக்கின் மேல், 1958இல் தொடங்கி 1962க்குள் மெட்ரிக் அளவைகள் கட்டாயமாக்கப்பட்டன. கடையில் கிலோ வந்தபின்னும் வீட்டில் ஆழாக்கு நெடுநாள் இருந்தது. அது நசுங்கியோ தொலைந்தோ போன நாளில், 'நாலு ஆழாக்கு மாவுக்கு ஒரு கொட்டைப்பாக்களவு வெண்ணெய்' என்ற வாய்பாடும் பொருளற்றுப் போயிற்று.

நாணயத்தின் கதையும் இத்தகையதே. 1957இல் அணாவின் இடத்துக்கு வந்த நயா பைசாவில் சவ்வுமிட்டாய் வாங்கிய தலைமுறை, சதுர வடிவ ஐந்து பைசாவையும் விளிம்பு நெளிந்த பத்து பைசாவையும் கையில் இறுக்கிக்கொண்டு கடைக்கு ஓடிய தலைமுறை, 2011 ஜூன் 30ஆம் நாளோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவையானதைப் பார்த்தது. காசே வேண்டாத வாணிகமும் தெருவில் நடந்தது. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிவந்தவரின் தராசில், எவர்சில்வர் வந்தபின் மதிப்பிழந்த பித்தளைச் செம்பும் போகணியும் ஏறின; உண்மையிலேயே ஓட்டையானவற்றோடு, பேரீச்சம்பழத்தின் மேலுள்ள ஆசையால் ஓட்டையாக்கப்பட்டவையும் ஏறியிருக்கும் என்று ஐயுற இடமுண்டு. நவச்சாரம் தேய்த்துப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசித் தந்தவரின் தொழில் அந்தத் தராசிலேயே கரைந்தது என்பதைப் பழத்தைத் தின்றவர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

ஏக்கத்தின் மறுபக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆட்டுக்கல்லும் அம்மியும் போனதற்காக வருந்தி எழுதுபவர்களில் அவற்றின் முன் நாளும் அமர்ந்தவர்கள் அரிது. கோயம்புத்தூரில் 1950களில் உருவான வெட் கிரைண்டர் ஊர்தோறும் பரவியதும், 2011இல் தமிழ்நாடு அரசு கிரைண்டரையும் மிக்சியையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதும், எத்தனை தோள்களுக்கு ஓய்வளித்தன என்பதைச் சுவையின் பெயரால் மறுப்பது நாகரிகம் ஆகாது. அவ்வாறே, 'தெருவே கூடிப் பலகாரம் பரிமாறிக்கொண்ட காலம்' என்று பொதுப்பட எழுதும்போது, துணி மூடிய அந்தத் தட்டு எந்தத் தெரு வரை போனது, எந்தத் தெருவுக்குத் தட்டோடு போகாமல் கொல்லைப்புறத்தில் கையில் போடப்பட்டது என்பதையும் எழுதுவதே நேர்மை. கம்பும் கேழ்வரகும் அன்றாட உணவாயிருந்த உழைக்கும் வீடுகள் பலவற்றில் தீபாவளி என்றால் அரிசிமாவில் சுட்ட இட்டலியும் தோசையும்தான். அங்கே அதிரசம் பிறர் வீட்டுப் புகையின் மணமாக மட்டுமே வந்து போயிற்று.

இன்று கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும் மணப்பாறை முறுக்குக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு பொருளின் தன்மை அது விளையும் அல்லது செய்யப்படும் இடத்தால் அமைகிறது என்பதற்கான இச்சட்டப் பதிவைப் பெற, எந்த மண்ணின் கடலை, எத்தகைய வெல்லம், எந்தப் பக்குவம் என்றெல்லாம் எழுதித்தர வேண்டும் என்பதால், கடைத்தெருவின் பண்டங்களுக்காவது ஓர் ஆவணம் உண்டாகிவிட்டது. வீட்டுப் பண்டங்களுக்கு அப்படிக் கோருவோர் சங்கம் ஏதும் இல்லை. நினைவுக் கட்டுரை எழுதி அனுப்பும் அன்பர்களிடம் இவ்விதழ் வேண்டுவது, பண்டங்களின் பட்டியலை அல்ல. வீட்டில் எழுபதைத் தாண்டிய பெண்கள் இருப்பின், பாகு எப்போது போதும் என்று எப்படி அறிந்தார்கள், டின்னில் இருந்ததை எப்படிப் பிரித்தார்கள், தங்களுக்கு என்ன எஞ்சியது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி அனுப்புவதை.

அந்தப் பெண்கள் எழுதவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அடுப்படிச் சுவரில், கதவுக்குப் பின்னால், பால்காரரும் தயிர்க்காரரும் ஊற்றிப்போன ஒவ்வோர் ஆழாக்குக்கும் அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்து, மாதக் கடைசியில் எண்ணிக் காசு கொடுத்தார்கள். வாங்கிய கடன், கொடுத்த கைமாற்று எல்லாம் அந்தக் கரிக்கோடுகளில்தான் இருந்தன. ஆண்டுக்கொரு முறை, பொங்கலுக்கு முன், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அவற்றின் மேலும் மட்டை ஓடியது.