பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு

வடசென்னைக் கல்மண்டபத்தில் எந்த வீட்டு மாடியில் ஆசாரி வேலை நடக்கிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டாம். கட்டர் மெஷின் போடும் கூச்சல் தெருமுனைவரை வந்து வழி சொல்லும். ஏறிப் பார்த்தால், இரண்டு முக்காலிமேல் ஒரு பிளைவுட் துண்டு. நடுவே நீளமாக ஒரு வெட்டு. அடியில் தலைகீழாக முடுக்கிய மார்பிள் கட்டர். ஸ்விட்ச் அழுந்தியே இருக்கும்படி லாக் போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். எத்தனையோ கட்டில்களும் அலமாரிகளும் இந்த மேசையில்தான் பிறந்திருக்கின்றன.

தொழில்காரர் கைப்பழக்கத்தில் இதைச் சமாளித்துவிடுகிறார். வீட்டில் ஆசைக்கு மரவேலை பழகும் ஓய்வுபெற்ற துறைமுக ஊழியரும், கம்ப்யூட்டர் வேலையில் அலுத்த இளைஞரும் அதைப் பார்த்துவிட்டு, மெஷினுக்கு எதற்குப் பணம் கொட்ட வேண்டும், கட்டரைக் கவிழ்த்தால் போச்சு என்று இறங்குவதுதான் வம்பு. பிளேடு சின்னது என்ற தைரியம் வேறு. 110 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால், அதன் பல் மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 10 அங்குலப் பிளேடுள்ள முறையான டேபிள் சா 3,650 சுற்றில் எட்டுவது 175 கிலோமீட்டர்தான். கரண்ட் போய்த் திரும்பும் நேரத்தை நினைத்தால் இன்னும் பயம். லாக் போட்ட கட்டர், யாரும் தொடாமலே சுற்றத் தொடங்கும். மேசைமேல் மரத்தூளைத் துடைத்துக்கொண்டிருக்கும் கைக்கு அது தெரியாது.

ஆகவே டேபிள் சா மெஷின் வாங்கத்தான் வேண்டும் என்றால், கடையில் முதலில் கேட்க வேண்டியது எது? பலரும் ‘எத்தனை வாட்?’ என்கிறார்கள். 1,500 முதல் 2,000 வாட் வரையுள்ள எதுவும் வீட்டு வேலைக்குப் போதும். 16 ஆம்பியர் பிளக் இருந்தால் இழுத்துவிடும். பார்க்க வேண்டியது, பிளேடுக்குப் பின்னால் அதை ஒட்டி நிற்கும் மெல்லிய எஃகுத் தகட்டை. ரைவிங் நைஃப் என்பார்கள்.

கடலோரக் காற்றில் ஈரத்தை இழுத்தும் விட்டும் கிடந்த பலகைக்குள் முறுக்கு ஒளிந்திருக்கும். நார்வாக்கில் அறுக்க அறுக்க அந்த முறுக்கு விடுபட்டு, அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைப் பிடிக்கும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. பலகையைத் தூக்கி, நிற்பவர் வயிற்றை நோக்கி வீசிவிடும். பலகையை அழுத்தியிருந்த கை அந்த நொடியில் போய் விழும் இடம் பிளேடு. தகடு இருந்தால் வாய் மூடாது. அது பிளேடின் உடலைவிடக் கொஞ்சம் தடிப்பாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிட மெலிதாகவும் இருக்க வேண்டும். பிளேடை ஏற்றி இறக்கும்போது கூடவே ஏறி இறங்க வேண்டும். பிளேடை மாற்றும்போது இந்தக் கணக்கைப் பார்க்காமல் மலிவான மெல்லிய பிளேடைப் போட்டால், பலகை தகட்டில் முட்டி நிற்கும். உடனே தகட்டைக் கழற்றி மூலையில் போடுவார்கள். கடையில் ஓட்டிக் காட்டுகிறவரே ‘கார்டு போட்டா வேலை ஓடாது சார்’ என்று ஆரம்பித்தால், அடுத்த கடையைப் பார்ப்பது உத்தமம்.

இது புது ஞானமும் அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தையொட்டி வந்த விதிகளே வட்ட ரம்பத்துக்குப் பின்னால் தகடும், மேலே மூடியும், மரத்தைத் தள்ள ஒரு தள்ளுகட்டையும் வேண்டும் என்றன. மின்சாரத்தில் ஓடும் இடமானால் 10 தொழிலாளர் இருந்தால்தான் அந்தச் சட்டம் எட்டிப் பார்த்தது. வீட்டு மாடிக்கு இன்ஸ்பெக்டர் வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விற்கிறவர் தகட்டையும் மூடியையும் மாட்டித்தான் காட்ட வேண்டும், விற்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

கல்மண்டபத்துக்காரருக்குக் கையின் அருமையைத் தொலைவில் போய்க் கற்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் ஆர். வெங்கடசாமியும் அவருடைய சகாவும், சாய்வாக வெட்டுப்பட்ட விரல் நுனியை அதே விரலின் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையை 1980-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். உலகெங்கும் கை மருத்துவர்கள் இன்றும் அதை வெங்கடசாமி பெயரால் சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலோ 2015-இல் மட்டும் டேபிள் சா காயத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் 33,400 பேர் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. பத்தில் ஒன்பதுக்கும் மேல் பிளேடு பட்ட காயம். ஸ்டீவ் காஸ் என்ற இயற்பியல் படித்த காப்புரிமை வழக்கறிஞர் 1999-இல் கண்டுபிடித்த ‘சாஸ்டாப்’ நுட்பம், தோல் பட்டதும் 5 மில்லி நொடிக்குள் பிளேடில் அலுமினியக் கட்டையைச் செருகி நிறுத்திவிடும். விரல் மிஞ்சும், பிளேடு மிஞ்சாது. இங்கே பரவலாகக் கிடைக்கும் போஷ், டிவால்ட், மகிடா மேசைகளில் அது இல்லை. நம்மவர்க்குத் தகடும் தள்ளுகட்டையுமே கதி.

கரண்ட் போய் வந்தாலும் தானாக ஓடாத ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். கடையிலேயே ஸ்விட்சைப் போட்டபடி பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு, மரத்தை ஒட்டித் தள்ள உதவும் நேர்ப்பட்டியான ஃபென்ஸ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, அது முன்னால் நிற்கும்போதும் பின்னால் திருப்பியபோதும் ஃபென்ஸுக்கு உள்ள தூரத்தை அளக்கலாம். பின்பக்கம் குறுகினால் மரம் கருகும், திருப்பியும் அடிக்கும். வார்ப்பிரும்பு மேசை ஆடாமல் நிற்கும்தான். காசிமேட்டு உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் துடைக்காமல் விட்டால் துரு ஏறிவிடும். மெழுகு தேய்க்கச் சோம்பல் உள்ளவருக்கு அலுமினிய மேசை. மூக்குக்கு முகமூடி அவசியம்: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இலேயே மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது.

இத்தனையும் பார்த்தபின் ஒரு டேப்பை எடுத்து மாடியையும் அளக்க வேண்டும். 8 அடி பிளைவுட்டை நீளவாக்கில் அறுக்க பிளேடுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, ஆள் நிற்க இன்னும் கொஞ்சம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது நடக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, நேரான பட்டியை கிளாம்ப் போட்டு அதை ஒட்டி ஓட்டும் கைச் சர்க்குலர் சாவே போதும். பெரிய ஷீட்டை வாங்கும் கடையிலோ மில்லிலோ அளவு சொல்லி அறுத்து வாங்கிவிட்டால், ஷேர் ஆட்டோவில்கூட அடங்கும்.