தளபதியின் கடிதங்களும் விடுபட்ட ஓர் ஊரும்

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா' (2006) படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். முதன்முறை ஏற்பட்ட வியப்பு சற்றும் குறையவில்லை. ஆனால் இம்முறை அதனுடன் ஓர் உறுத்தலும் சேர்ந்துகொண்டது.

பரணி நூல்கள் தோற்றவர் பெயரால் வழங்கினாலும் பாடுவது வென்றவர் புகழையே. ஈஸ்ட்வுட் செய்தது இதற்கு நேர்மாறானது. வென்ற நாட்டைச் சேர்ந்த அவர், தோற்ற ஜப்பானியத் தளபதி தடாமிச்சி குரிபயாஷியை மையமாக்கி, ஜப்பானிய மொழியிலேயே படமெடுத்தார். 1945 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கப் படைகள் இவோ ஜிமாவில் கரையேறியபோது அத்தீவைக் காத்து நின்றவர்கள் ஏறத்தாழ 21,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மடிந்தனர். கடற்கரையில் படையை நிறுத்தாமல் மலைக்குள் சுரங்கங்கள் குடைந்து காத்திருந்தவர் குரிபயாஷி. பயனற்ற தற்கொலைத் தாக்குதல்களைத் தடுத்தவர்.

அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களே படத்தின் உயிர். சாவு உறுதி என்று அறிந்த மனிதர், சமையலறைக்குள் குளிர்காற்று புகும் இடத்தை அடைக்காமல் வந்துவிட்டதற்காக வருந்துகிறார். கென் வாட்டனபேயின் முகத்தில் அந்த வருத்தத்தைக் காணும்போது, எதிரி என்ற சொல் நமக்குள் கரைந்துபோகிறது.

என் உறுத்தல் இங்கேதான் தொடங்குகிறது. 1941 டிசம்பரில் ஹாங்காங்கைக் கைப்பற்றிய ஜப்பானிய 23ஆம் படையின் தலைமை அலுவலராக இருந்தவர் இதே குரிபயாஷி. அந்த டிசம்பர் 25 அன்று, மருத்துவமனையாக இயங்கிய புனித ஸ்டீபன் கல்லூரியில் காயமுற்ற வீரர்களும் செவிலியரும் ஜப்பானியப் படையினரால் கொல்லப்பட்டனர். அப்படையின் தளபதி தகாஷி சகாய் 1946இல் போர்க்குற்றங்களுக்காக மரண தண்டனை பெற்றார். அக்கொடுமைகளைக் குரிபயாஷி ஏவினார் என்று நான் சொல்லவில்லை. அவர் அந்தப் படையின் உயர்மட்டத்தில் இருந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். படத்தில் ஹாங்காங் ஒரு காட்சியாகக்கூட இல்லை.

ஒரு போரை மட்டுமே சொல்லும் படம் முழு வாழ்க்கையையும் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கால எல்லையைப் படமே மீறுகிறது. குரிபயாஷி அமெரிக்காவில் தங்கியிருந்த நாட்களுக்கு நினைவுகளின் வழியே திரும்பிச் சென்று, அமெரிக்கர்களோடு அவருக்கிருந்த நட்பைக் காட்டுகிறது. அவ்வளவு தொலைவு பின்னோக்கிச் செல்ல முடிந்த திரைக்கதை, வழியில் 1941இல் ஒரு கணம் நின்றிருக்கலாம்.

நின்றிருந்தால் படம் குலைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு படையதிகாரியின் வாழ்க்கையைப் படமாக்குபவர் அவரை நேசிக்கலாம். நேசிக்காமல் எடுக்கவும் இயலாது. ஆனால் அந்த நேசம் அவருடைய படை நடந்து வந்த வழியை மறைத்துவிடக் கூடாது. சமையலறைக் குளிருக்காக வருந்திய மனிதர் அந்தப் படையிலும் இருந்தார் என்பதுதான் போரைப் பற்றி நாம் அறிய வேண்டிய கடினமான உண்மை. அருமையான இப்படம் அதன் பாதியை மட்டுமே சொல்கிறது.