பனிக்காட்டுக் குறிப்புகள் - 14: பாக்கெட்டுக்கு ஒரு டார்ச்

வர்ற ஆகஸ்ட்ல டிரோண்ட்ஹைமுக்குப் படிக்க வரப்போற தம்பி ஒருத்தர், கொண்டுவர வேண்டிய சாமான் லிஸ்ட் கேட்டு மெயில் போட்டிருந்தார். அனுப்பினேன். குக்கர், சாம்பார் பொடி, தெர்மல்னு எல்லாத்துக்கும் தலையாட்டினவர் ஒரே ஒரு ஐட்டத்துல நின்னுட்டார். "அண்ணா, டார்ச் லைட் எதுக்கு? அதான் போன்லயே இருக்கே?"

நியாயமான கேள்விதான். ஆனா தம்பி இன்னும் இங்கத்த டிசம்பரைப் பார்க்கலை. காலையில பத்து மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மதியம் இரண்டரைக்கெல்லாம் கடையைச் சாத்திட்டுப் போயிடும். ரோட்டுல விளக்கு இருக்கு, மறுக்கலை. ஆனா நாங்க இருக்கற மோஹோல்ட் மாணவர் குடியிருப்புக்குப் பக்கத்துலயே எஸ்டென்ஸ்டாட் காடு. சனிக்கிழமையானா யாராவது "குடில் வரைக்கும் நடந்துட்டு வரலாமா"ன்னு கிளப்பிடுவாங்க. திரும்பும்போது கும்மிருட்டு, கீழே ஐஸ்.

போன் லைட் சுமார் ஐம்பது லூமன். கையை நீட்டினா தெரியற தூரத்துக்கு அது போதும். சிக்கல் வெளிச்சத்துல இல்லை, குளிர்ல. மைனஸ் பத்துல முப்பது சதவீதம் சார்ஜ் காட்டிட்டிருந்த போன் திடீர்னு செத்துப்போகும். வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டா ஆம்புலன்ஸுக்கு 113 அடிக்க வேண்டியதும் அதே போன்தான். அதை விளக்காவும் எரிச்சுத் தீர்க்கக் கூடாதுங்கறதுதான் என் வாதம்.

நார்வே பாஷையில டார்ச்சுக்குப் பேரு 'லொம்மெலிக்ட்'. அப்படியே பிரிச்சா 'பாக்கெட் விளக்கு'. பேர்லயே சொல்லிட்டாங்க பாருங்க, பாக்கெட்ல இருக்கணும். வீட்டு டிராயர்ல தூங்கற ரெண்டாயிரம் லூமனை விட ஜாக்கெட்ல கிடக்கற இருநூறு லூமன் மேல்.

சரி, மேட்டருக்கு வருவோம். கடையிலயோ நெட்லயோ பார்த்தா ஒவ்வொரு பெட்டி மேலயும் கொட்டை எழுத்துல ஒரு எண்: 1000, 2000, 3000 லூமன். இந்த எண்ணை அளக்க 2009-ல வந்த எஃப்.எல்.1ன்னு ஒரு தரமுறை இருக்கு. அதன்படி விளக்கைப் போட்டு 30 வினாடியிலிருந்து 2 நிமிஷத்துக்குள்ள அளப்பாங்க. விரல் நீள அலுமினியக் குழாய் ஆயிரம் லூமனை ரொம்ப நேரம் தாங்காதுங்க. சூடு ஏறும், உள்ளே இருக்கற சர்க்யூட் தானாவே வெளிச்சத்தைக் குறைக்கும். சில நிமிஷத்துல அந்த ஆயிரம் முன்னூறு நானூறுன்னு இறங்கி நிக்கும். அப்போ பெட்டியில போட்டிருக்கற "3 மணி நேரம்"? அது வெளிச்சம் ஆரம்ப அளவுல பத்து சதவீதமா தேயற வரைக்குமான கணக்கு. ஏமாத்துன்னு சொல்ல முடியாது. படிக்கத் தெரியாதவனுக்குத்தான் நஷ்டம்.

தவிர, நம்ம கண்ணு லூமனை அப்படியே எண்ணிச் சொல்றதில்லை. 150 லூமன் ரெண்டு மடங்காத் தெரியணும்னா 600 பக்கம் போகணும். அதனால 1000-க்கும் 1200-க்கும் நடுவுல காசு விட்டுராதீங்க. தூரம் வேணும்னா பார்க்க வேண்டியது கேண்டெலா. அதோட வர்க்கமூலத்தை ரெண்டால பெருக்கினா மீட்டர். பத்தாயிரம் கேண்டெலான்னா 200 மீட்டர். அந்த 200 மீட்டர்ல விழற வெளிச்சம் எவ்வளவு தெரியுமா? பௌர்ணமி நிலா அளவு. அவ்வளவுதான்.

என்னைக் கேட்டா, முதல்ல பார்க்க வேண்டியது குறைஞ்ச வெளிச்சம். அஞ்சு லூமனுக்குக் கீழே ஒரு மோடு இருக்கா? ரூம் மேட் தூங்கும்போது சாவி தேட, பையைத் துழாவ அதுதான் உதவும். அப்புறம் நிறம். மலிவு டார்ச்சுல நீலம் பாய்ஞ்ச வெள்ளை வரும். அந்த வெளிச்சத்துல மண்ணு, சருகு, ரத்தம் எல்லாம் ஒரே சாம்பல் கலர். 4000-லிருந்து 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90-க்கு மேலன்னு போட்டிருந்தா பழுப்பு பழுப்பாத் தெரியும். லூமன் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

அடுத்தது பேட்டரி. 18650ங்கறது 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளமுள்ள லித்தியம் செல். நல்ல கம்பெனி செல்லுல 3500 எம்.ஏ.எச். வரும். 9900ன்னு எழுதி யாராவது வித்தா பொய்யின்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம். குளிர் ஊர்ல இன்னொரு விஷயம்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கற லித்தியம் செல்லை சார்ஜ் போடக் கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாப் படிஞ்சு செல் கெட்டுடும். வெளியிலிருந்து வந்ததும் ரூம்ல கொஞ்ச நேரம் வெச்சுட்டுப் போடுங்க. நான் வெச்சிருக்கறது வுர்க்கோஸ் எஃப்.சி.11. 18650 செல், சி டைப் சார்ஜிங், நல்ல நிறம், பின்னாடி காந்தம். சைக்கிள் செயின் மாட்டும்போது அந்தக் காந்தத்துக்காகவே கும்பிடலாம்.

ஆனா இதே டார்ச்சை அப்பாவுக்கு வாங்கலை. அப்பா கோபி பக்கம் விவசாயம். ராத்திரி மடை திருப்பப் போவார். வரப்புல கட்டுவிரியன் அலையற நேரம் அது. கண்ணாடி விரியனோ சருகோட சருகாக் கிடக்கும். இந்தியாவுல 2000-லிருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியில சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பாங்கன்னு 2020-ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. அதைப் படிச்ச நாள்லதான் அவருக்கு ஒரு நல்ல டார்ச் வேணும்னு ஃபோன் போட்டேன். லூமன், கெல்வின்னு பத்து நிமிஷம் பேசினேன். பொறுமையாக் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஏங்கண்ணு, செல்லு தீந்து போச்சுன்னா நம்மூருக் கடையில கெடைக்குமா?"

ஆட்டம் க்ளோஸ். 18650 எந்த மளிகைக் கடையிலயும் தொங்காது. டபுள் ஏ செல் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும். அதனால அவருக்கு ஒத்தை டபுள் ஏ செல் போடற, 150 லூமன் சுற்றி வர்ற டார்ச். ஒரு செல்லுல ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும், மடை திருப்ப அது போதும். ஒரே ஸ்விட்ச், அமுக்கினா எரியணும். சில டார்ச்சுல மூணு தடவை அமுக்கினா பேட்டரி அளவு, நாலு தடவை அமுக்கினா பூட்டுன்னு வேலை காட்டும். எனக்குப் பிடிக்கும். வரப்புல நிக்கறவருக்கு அது ஆபத்து.

பிடிக்கற விதமும் முக்கியம்ங்க. தலையில மாட்டற லைட்டைப் பலரும் சிபாரிசு பண்ணுவாங்க, ரெண்டு கையும் ஃப்ரீன்னு. ஆனா கண்ணுக்குப் பக்கத்துலயே வெளிச்சம் இருந்தா நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னாடி மறைஞ்சு, தரை தட்டையாத் தெரியும். பனி கொட்டும்போது இன்னும் மோசம், எதிர்ல வெள்ளைச் சுவர்தான். டார்ச்சை இடுப்புக்குக் கீழே, தரையோட சாய்வாப் பிடிங்க. ஐஸ் மேடு, கல்லு, வேர் எல்லாம் நீள நிழலோட எழுந்து நிக்கும். வரப்புல சுருண்டு கிடக்கறதும்தான். அப்பாகிட்ட இதைச் சொன்னப்போ, "அப்பிடித்தான கண்ணு புடிப்போம்"னார். முப்பது வருஷமா எவரெடியை அப்படித்தான் பிடிச்சிருக்கார்.

தம்பிக்குக் கடைசியா ரெண்டு விஷயம். உதிரி லித்தியம் செல்லை செக்-இன் பெட்டியில போடாதீங்க, கைப்பையில மட்டும்தான். முனைகள் உலோகத்துல படாம பிளாஸ்டிக் டப்பாவுல போட்டுக்குங்க. சில்லறைக் காசோட ஒரே பாக்கெட்ல கிடந்தா தீப்பிடிக்கும், விளையாட்டில்லை. டார்ச்சைப் பாக்கெட்ல வைக்கும்போது பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைங்க. அப்போதான் தானா எரியாது (எல்லா மாடலுக்கும் இது வேலை செய்யாது, வாங்கின உடனே சோதிச்சுப் பாருங்க). முழு வெளிச்சத்துல உள்ளேயே எரிஞ்சா பேண்ட் துணி பொசுங்கிடும்.

குக்கருக்கு ஒரு கேஸ்கட் கூடுதலா எடுத்துக்குங்க. ஸ்வெட்டர் சமாச்சாரம் அடுத்த வாரம்.