ஓடிக்கொண்டே சுடலாம்... ஆனால் விரல் வெளியே!

போன வாரம் ஓமந்தூரில் சித்தி வீட்டில் இருந்தேன். பத்தாவது படிக்கும் சித்தி பொண்ணு செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ரீல்ஸில் ஒரு பெண். இடுப்பில் அகலமான பெல்ட், அதில் வரிசையாக மேகஸின்கள். பீப் சத்தம் கேட்டதும் உறையிலிருந்து பிஸ்டலை உருவி, தட்டிகளுக்கு நடுவே ஓடி, ஜன்னல் மாதிரியான ஓட்டை வழியாகச் சுட்டு, ஓட்டத்திலேயே மேகஸினை மாற்றி... பத்து பன்னிரண்டு செகண்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

"அக்கா, இது சினிமாவா, நெஜமாவே போட்டியா? நாம இத கத்துக்க முடியுமா?"

சித்தி அடுப்படியில் இருந்தே பதில் சொன்னார். "மொதல்ல கணக்குல பாஸ் பண்ணு."

சித்திக்குத் தெரியாது, இந்த விளையாட்டே பாதி கணக்குதான்!

ஷூட்டிங் என்றாலே நம் ஊரில் சினிமா ஷூட்டிங்தான் ஞாபகத்துக்கு வரும். அதைத் தாண்டினால் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் அசையாமல் நின்று சுட்டது. ரீல்ஸில் வந்தது இரண்டுமே இல்லை. அதன் பெயர் பிராக்டிகல் ஷூட்டிங். 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா என்ற ஊரில் கூடி, இதற்கென்று ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை ஆரம்பித்தார்கள். ஐ.பி.எஸ்.சி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஜெஃப் கூப்பர் என்பவர்தான் முதல் தலைவர். ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி கிடையாது. ஆனால் தனியாக உலகப் போட்டி உண்டு. 2022-ல் தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது, 2025-ல் தென்னாப்பிரிக்காவில்.

இதன் தாரக மந்திரம் மூன்று லத்தீன் வார்த்தைகள். துல்லியம், வலு, வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் ஒரே தராசில் எப்படி நிறுத்துகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

முதலில் துல்லியமும் வேகமும். அட்டை இலக்கில் மூன்று பகுதிகள் இருக்கும். நடுப்பகுதியில் பட்டால் 5 புள்ளி. அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு 3, ஓரத்துக்கு 1. குறி தப்பினால் 10 புள்ளி காலி. சில அட்டைகள் 'சுடக் கூடாதவை'. அதில் பட்டாலும் 10 காலி. கடைசியில் மொத்தப் புள்ளியை, எடுத்துக்கொண்ட செகண்டால் வகுப்பார்கள். ஆறு அட்டை, அட்டைக்கு இரண்டு குண்டு என்றால் அதிகபட்சம் 60 புள்ளி. ஒருவர் பொறுமையாகச் சுட்டு அறுபதையும் வாங்குகிறார், 12 செகண்ட். வகுத்தால் 5. இன்னொருவர் மூன்று குண்டுகளைக் கொஞ்சம் தள்ளி அடித்து 54 புள்ளி வாங்குகிறார், ஆனால் 9 செகண்ட். வகுத்தால் 6. இவர்தான் முன்னால். மூன்றாமவர் 8 செகண்டில் பறந்துவிட்டார், ஒரே ஒரு குண்டு தப்பியது. 55-ல் 10 போய் 45, வகுத்தால் 5.6 சொச்சம். வேகமாக முடித்தும் இரண்டாம் இடம்தான். நூற்றுக்கு நூறு வாங்கியவர் கடைசி! நம் பரீட்சை முறையில் வளர்ந்தவர்களுக்கு இது ஜீரணிக்கக் கொஞ்சம் கஷ்டம்.

அடுத்து வலு. லேசான குண்டு போட்டால் துப்பாக்கி கையில் அதிகம் உதைக்காது, வேகமாகச் சுடலாம். எல்லோரும் அப்படியே செய்துவிட்டால்? அதனால் 'பவர் ஃபேக்டர்' என்று ஒரு கணக்கு வைத்தார்கள். குண்டின் எடையை கிரெய்ன் என்ற அளவில் எடுத்து, அது ஒரு செகண்டுக்கு எத்தனை அடி பாய்கிறது என்பதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். குறைந்தது 125 வர வேண்டும். 124 கிரெய்ன், அதாவது சுமார் 8 கிராம் எடையுள்ள 9 மி.மீ குண்டு செகண்டுக்கு 1,010 அடி போனால் 125-ஐத் தொட்டுவிடும். போட்டி நடுவே உங்களிடமிருந்து தோட்டாக்களை வாங்கி, எடை போட்டு, கருவி வைத்து வேகத்தை அளப்பார்கள். 125 வராவிட்டால் தொடர்ந்து சுடலாம், ஸ்கோர்தான் கிடையாது. அதிக உதை வாங்கத் தயாராகக் கனமான தோட்டா போடுபவர்களுக்குச் சலுகை உண்டு. அவர்களுக்கு 3 புள்ளிப் பகுதி 4 ஆகும், 1 புள்ளிப் பகுதி 2 ஆகும்.

துப்பாக்கியிலும் பிரிவுகள் உண்டு. 'ஓப்பன்' பிரிவில் ஏறக்குறைய எல்லாம் செல்லும். மேலே டாட் சைட், முன்னால் உதையைக் குறைக்கும் காம்பென்சேட்டர், 17 சென்டி மீட்டர் வரை நீளமான மேகஸின். பார்த்தால் விண்வெளிப் படத்தில் வருவது மாதிரி இருக்கும். விலையும் அப்படித்தான். 'ஸ்டாண்டர்டு' பிரிவில் டாட் சைட்டும் கிடையாது, காம்பென்சேட்டரும் கிடையாது. 225 மி.மீ நீளம், 150 மி.மீ உயரம், 45 மி.மீ ஆழம் கொண்ட ஒரு பெட்டிக்குள் பிஸ்டல் மேகஸினோடு அடங்க வேண்டும். பல் டாக்டர் அளவெடுப்பது போல நடுவர் வைத்துப் பார்ப்பார். 'புரொடக்‌ஷன்' பிரிவுதான் என் கட்சி. கூட்டமைப்பு அங்கீகரித்த பட்டியலில் உள்ள, கம்பெனியில் இருந்து வந்த மாடல் மட்டும். ஆரம்பிக்கும்போது துப்பாக்கியில் 15 தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. கனமான தோட்டாவுக்கான சலுகையும் இல்லை. பணக்காரர் ஒருவர் தன் பர்ஸால் ஜெயித்துவிடாமல் தடுக்கிற வேலையை இந்தப் பிரிவு ஓரளவுக்குச் செய்கிறது.

இனிதான் ரீல்ஸில் தெரியாத பகுதி. அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். ஓடும்போது அவள் ஆள்காட்டி விரல் எங்கே இருக்கிறது? ட்ரிக்கரில் இல்லை. அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே, பிஸ்டலின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருக்கிறது. மேகஸின் மாற்றும்போதும் அப்படியே, தோட்டா சிக்கி அதைச் சரிசெய்யும்போதும் அப்படியே. நடுவர் பின்னாலேயே ஓடி வருவது இலக்கைப் பார்க்க அல்ல, இந்த விரலைப் பார்க்க. விரல் உள்ளே இருந்தால் போட்டியில் இருந்தே வெளியேற்றம். அந்தச் சுற்று மட்டுமல்ல, மொத்தப் போட்டியும் போச்சு. மஞ்சள் அட்டையெல்லாம் கிடையாது.

துப்பாக்கி முனை, எதிரே உள்ள மண்மேட்டின் நேர்கோட்டில் இருந்து பக்கவாட்டில் 90 டிகிரியைத் தாண்டினாலும் வெளியேற்றம். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை. தன்னை அறியாமல் சுட்டு, குண்டு 3 மீட்டருக்குள் தரையில் பாய்ந்தாலும் அதே கதை. சுடும்போது துப்பாக்கியைத் தவறவிட்டால் வெளியேற்றம். சுடாமல் சும்மா நடக்கும்போது உறையில் இருந்து விழுந்தால்? அப்போதும் நீங்கள் குனிந்து எடுக்கக் கூடாது. நடுவரைக் கூப்பிட வேண்டும், அவர்தான் எடுத்துச் சோதித்துக் கொடுப்பார். தானே எடுத்தால் வீட்டுக்குப் போகலாம். மற்ற நேரங்களில் எல்லோருடைய துப்பாக்கியும் காலியாகத்தான் உறையில் இருக்கும். வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும் என்றால் அதற்கென ஒரு மேஜை. அந்த இடத்தில் தோட்டாவைத் தொடவே கூடாது, டம்மி தோட்டாவைக்கூட!

சரி, சித்தி பொண்ணு கேட்ட கேள்வி. நம்மால் கத்துக்க முடியுமா?

இந்தியாவில் 9 மி.மீ தோட்டா 'தடை செய்யப்பட்ட' வகை. சாதாரண உரிமம் வாங்கும் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32 பிஸ்டல் அல்லது ரிவால்வர். அதையே சித்தி சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள். .32 பிஸ்டல் குண்டு 71 கிரெய்ன். வேகம் செகண்டுக்கு 900 அடி சுமார். பெருக்கி வகுத்தால் 64. தேவையோ 125. பாதியில் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்! உரிமத்துக்கு 21 வயது ஆக வேண்டும் என்பதும் இருக்கிறது. பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு ரீல்ஸ் வழி கிட்டத்தட்ட மூடிய கதவு. உலகத்தில் துப்பாக்கி மலிந்த நாடுகளில் நடப்பதைப் பார்த்தால், இந்தக் கதவு மூடியிருப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை.

திறந்திருக்கும் கதவு 10 மீட்டர் ஏர் பிஸ்டல். அங்கேயும் பெட்டி உண்டு. 420 மி.மீ நீளம், 200 மி.மீ உயரம், 50 மி.மீ அகலத்துக்குள் பிஸ்டல் அடங்க வேண்டும், எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. ட்ரிக்கர் அரை கிலோ எடையையாவது தாங்க வேண்டும். ஒரே கையால்தான் பிடிக்கணும். ஷூ கணுக்காலை மூடக் கூடாது. 75 நிமிடத்தில் 60 ஷாட். வேகம் வேண்டும் என்பவர்களுக்கு 25 மீட்டர் ரேபிட் ஃபயர் இருக்கிறது. ஐந்து இலக்கு, ஐந்து குண்டு. 8 செகண்ட், 6 செகண்ட், கடைசியில் 4 செகண்ட். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ராணுவத்தின் விஜய்குமார் வெள்ளி வாங்கியது இதில்தான்.

சென்னையில் ரைபிள் கிளப் இருப்பது எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில். எங்கள் ஊர் ஓமந்தூரார் பெயரைத் தாங்கிய அரசினர் தோட்டத்தில் இருந்து ரொம்ப தூரமில்லை. 2021 பிப்ரவரியில் நடிகர் அஜித் இந்த கிளப்பைத் தேடி வாடகைக் காரில் கிளம்பி, வேப்பேரியில் உள்ள புது கமிஷனர் அலுவலகத்துக்குப் போய் இறங்க, அங்கே செல்ஃபி கூட்டம் கூடியது ஞாபகம் இருக்கும். அடுத்த வருஷம் ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் அவர் பதக்கங்களும் வாங்கினார்.

செலவு? நல்ல போட்டி ஏர் பிஸ்டல் வெளிநாட்டில் இருந்து வருகிறது, லட்சத்தைத் தாண்டும். அதனால் முதல் நாளே வாங்கித் தராதீர்கள். கிளப் துப்பாக்கியில் பழகட்டும். உபகரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காலை வாரும் என்பதற்கு மனு பாக்கரே சாட்சி. 2021 டோக்கியோவில் தகுதிச்சுற்றின் நடுவே பிஸ்டலின் லீவர் பழுதாகி, அதைச் சரிசெய்வதற்குள் பல நிமிடங்கள் ஓடிவிட்டன. 575 புள்ளியோடு 12-வது இடம், ஃபைனல் இல்லை. 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வந்தபோது பாதிப் பேருக்கு அந்த லீவர் மறந்தே போயிருந்தது. பிராக்டிகல் ஷூட்டிங்கிலும் துப்பாக்கி மக்கர் செய்தால் கடிகாரம் நிற்காது, மறுவாய்ப்பு கிடையாது.

பெற்றோர் பார்க்க வேண்டியது விலைப்பட்டியலை அல்ல, ரேஞ்சை. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த மைதானத்தின் பக்கமிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் தஞ்சாவூர் மருத்துவமனையில் அவன் இறந்துபோனான். துப்பாக்கி முனை எந்தப் பக்கம், பின்னால் தடுப்பு எவ்வளவு உயரம் என்பதெல்லாம் புத்தகத்தில் இடத்தை நிரப்ப எழுதிய விதிகள் இல்லை.

பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். சுடாத நேரத்தில் ஒவ்வொரு பிஸ்டலிலும், உள்ளே காலி என்று காட்டும் கலர் கயிறு செருகியிருக்கிறதா? யாராவது இலக்குப் பக்கம் நடக்கும்போது மற்றவர்கள் துப்பாக்கியைத் தொடாமல் பின்னால் நிற்கிறார்களா? செல்போனில் போஸ் கொடுக்கத் துப்பாக்கியைத் திருப்பும் பையனைப் பயிற்சியாளர் அதட்டுகிறாரா, சிரிக்கிறாரா? சிரித்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று. .177 அளவு, 20 ஜூல் சக்திக்குள் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அதனால் ஆன்லைனில் வாங்கி வீட்டு மாடியில் பழகலாமே என்று சித்தப்பா ஆரம்பித்தார். மாடிக்குப் பின்னால் மண்மேடு இல்லை, பக்கத்து வீட்டுத் துணிக்கொடிதான் இருக்கிறது என்றேன். எங்கள் பக்கம் ஏர்கன் வாங்கியவர்கள் அட்டையைக் குறி பார்ப்பதோடு நிறுத்துவதும் இல்லை, கொக்கு, மடையான் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். கழுவேலி 2021 டிசம்பரில் இருந்து பறவைகள் சரணாலயம். அங்கே ஏர்கன்னோடு பிடிபட்டால் வனத்துறைக்காரர்கள் உங்கள் பவர் ஃபேக்டர் என்னவென்று கேட்க மாட்டார்கள்.